முத்தமிட்டு விடப்பட்ட கொடுவா

பழவேற்காட்டுப் பக்கம் பருவத்துக்குப் பருவம் வந்து போகும் பறவைகளைப் பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கு ஞாயிறு வந்து போகும் இன்னோர் இனமும் உண்டு. நீளத் தூண்டில், கறுப்புக் கண்ணாடி, நிறையப் பைகள் வைத்த சட்டை. மீன் பிடிப்பவர்கள் என்று சொல்லிவிடாதீர்கள், மனம் புண்படும். இவர்கள் மீனை விடுபவர்கள். பிடிப்பதைப் பக்கத்து லைட்ஹவுஸ் குப்பத்து மீனவர் யார் வேண்டுமானாலும் செய்வார்கள். பிடித்த சின்ன மீனை உயிரோடு கடலில் விடுவதற்கு உள்ளம் வேண்டும். அந்த உள்ளத்தைப் படமெடுக்க ஓர் ஆளும் வேண்டும்.

பொன்னேரி விஜயராகவன் இந்த இனத்தில் நல்ல வளர்ச்சி கண்டவர். அவர் தூண்டிலில் பெரிய மீன் மாட்டியதாகச் சரித்திரம் இல்லை. முதலில் இது அவருக்கு அவமானமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள், சின்ன மீனை விட்டுவிடுவது ஒரு கொள்கை என்று எங்கோ படித்தார். அன்றோடு அவமானம் போயிற்று, கருணை வந்தது. கையாலாகாதவனுக்கும் கருணையாளனுக்கும் வெளித்தோற்றத்தில் அப்படி என்ன பெரிய வேறுபாடு? (முள்ளில் உயிரோடு கோக்கப்படும் இறால் குஞ்சுக்கு இந்தக் கருணையில் பங்கு கிடையாது. அது படத்தில் அழகாக விழாது.)

போன வாரம் அவர் மைத்துனன் ரஞ்சித்குமார் ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். "இன்னா மாமா, வாராவாரம் கடலுக்குப் போறீங்க, அக்கா வாராவாரம் மீனு வாங்க மார்க்கெட்டுக்குப் போவுது?" விஜயராகவனுக்குச் சுருக்கென்றது. "அடுத்த ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வாடா. என் கையால பிடிச்ச மீனு!" என்றார். மனைவி இளவரசி உடனே, "அப்போ நான் மார்க்கெட்டுக்குப் போவ மாட்டேன்" என்று சொல்லி, அன்றே புளியை மட்டும் எடுத்து வைத்தாள்.

ஆக, இந்த ஞாயிறு மானப் பிரச்சினை. காலையிலிருந்து படகுக்காரன் எல்லப்பனின் ஃபைபர் படகு முகத்துவாரத்துக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்தது, தூண்டில் ஆடவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியபோது ஒரு வழியாக ஒரு கொடுவா மாட்டியது. அரை முழம்கூட இல்லாத குட்டி.

கையில் மீன். வீட்டில் மைத்துனன். எதிரே, அவருடைய செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி எல்லப்பன். பழக்கம் பொல்லாதது அல்லவா? கேமராவைக் கண்டதும் விஜயராகவனின் முகத்தில் சாந்தம் படர்ந்தது. தண்ணீரில் வாழ்கிற ஜீவனை எடுத்து, பளிச்சென்று தெரியவேண்டும் என்பதற்காகத் துவாலையால் துடைத்தார். இடக்கன்னம் தெரியக் காட்டினார். வலக்கன்னம் தெரியக் காட்டினார். "நண்பர்களே, இவன் கண்ணுக்கு மேலே ஒரு வெட்டு இருக்கிறது பாருங்கள், வீரத்தழும்பு" என்று தொடங்கி, கடல் வளம், வருங்காலத் தலைமுறை, தம் இளமைக்காலம் என்று விரிவாகப் பேசினார். மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. அது தன் பேச்சை ஆமோதிப்பதாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

"சார், சீக்கிரம் வுடுங்க. கண்ணு சொருவுது."

"இரு எல்லப்பா, முத்தம் பாக்கி."

"அத்தயேதான் சார் நானும் சொல்றேன், கடைசி முத்தம்."

முத்தம் கொடுத்தார். "போய் வா கண்ணா! பெரியவனாகி வா!" என்று கடலில் விட்டார். எல்லப்பன், "நம்ம படகு பேரும் வீடியோவுல வந்துச்சு சார், செம்ம!" என்று செல்போனைத் திருப்பிக் கொடுத்தான்.

கண்ணன் ஒரு சுற்றுச் சுற்றினான். பிறகு வெள்ளை வயிற்றை வானத்துக்குக் காட்டிக்கொண்டு மிதந்தான்.

இதை எதிர்பார்த்துத்தான் கடற்காகங்கள் வந்திருந்தன. குப்பத்தில் எத்தனையோ படகுகள் இருக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் அவை இந்த ஒரு படகைத்தான் விடாமல் தொடரும். விஜயராகவனின் கருணையால் நேரடியாகப் பயன்பெற்றவர்கள் உலகில் அவை மட்டுமே. இத்தனை நாளும், விட்ட மீனை அவர் திரும்பிப் பார்த்ததில்லை. இன்று புளி எடுத்து வைத்த மனைவியின் நினைவு வந்தது.

"எல்லப்பா! படகைத் திருப்பு! காக்கா தூக்கிடப்போவுது!"

"வுட்டுட்டீங்களே சார்!"

"திருப்புடான்றேன்!"

ஒரு பக்கம் கடற்காகம், ஒரு பக்கம் கைவலையோடு மாநிலம் போற்றும் மீன் நேசர். முழங்கை சிராய்த்தது, கண்ணாடி கடலில் போயிற்று. ஆனால் மீன் கிடைத்தது. கரை தொடுவதற்குள் முத்த வீடியோவையும் உலகுக்கு அனுப்பிவிட்டார். பாராட்டுகிறவர்கள் மட்டுமே பார்ப்பார்கள் என்பது இந்த இனத்தின் நம்பிக்கை.

ஒரு மீனைக் குழம்பாக்கி மூன்று பேருக்குப் பரிமாறும் சாமர்த்தியம் இளவரசிக்கு இருந்தது. விருந்தாளி என்பதால் தலை, தம்பியின் தட்டுக்குப் போயிற்று. ரஞ்சித்குமார் சொம்பின்மேல் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிடுகிறவன். சொம்பிலிருந்து ஒரு குரல் கேட்டது: "போய் வா கண்ணா! பெரியவனாகி வா!"

அவன் செல்போனைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். கண்ணுக்கு மேலே வெட்டு.

"மாமா, அவசரப்பட்டு வந்துட்டான். இன்னும் பெரியவனாவலையே!"

இளவரசி கரண்டியோடு நிமிர்ந்தாள். "ஏங்க, அது நீங்க வுட்ட மீனுதானே? அப்போ இது யாரு?"

"அவன் தம்பி."

"அதே வெட்டு?"

"குடும்பத் தழும்பு" என்றார் விஜயராகவன், சோற்றைப் பிசைந்தபடி.

சிரிக்கிறீர்கள். நல்லது. நீங்களும் அண்மையில் எதையோ பெருந்தன்மையாக விட்டிருப்பீர்கள்: தம்பிக்குச் சொத்தில் பங்கு, வேலைக்காரிக்கு ஒரு நாள் லீவு, எதிரிக்கு மன்னிப்பு. விடுவதற்கு முன் எவ்வளவு நேரம் கையிலேயே வைத்துப் பேசினீர்கள்? விட்ட பிறகு அது நீந்திப் போயிற்றா என்று பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால், வருகிற ஞாயிறு எல்லப்பன் படகில் இடம் இருக்கிறது. துவாலையை மறக்காதீர்கள். கடற்காகங்கள் தாமாகவே வந்துவிடும்.