வராத காய்ச்சல்

"பீவிம்மா, உங்க வீட்டுல காய்ச்சல் வராதவங்க யாராச்சும் இருக்காங்களா?"

சோலையப்பன் கேட்டு முடிப்பதற்குள், மளிகைக் கடை பீவியின் முகம் மாறிவிட்டது.

"என்ன கேள்வி கேக்குறீங்க தம்பி! வரலைன்னு வாயால சொல்லி, நாளைக்கே வந்துட்டா நீங்களா பாப்பீங்க?"

"அப்ப வந்துச்சா?"

"வந்துச்சுன்னே எழுதிக்குங்க. கண்ணு படாம இருக்கும்."

காஜா பெராங் வட்டாரம் முழுவதும் இதே பதில்தான். ஊரையே படுக்கவைத்த ஃபுளு காய்ச்சல் ஓய்ந்து, பண்டார் ஹிலிர் திடலில் மெர்டேக்கா சுதந்திர ஊர்வலத்துக்கு பேண்டு வாத்தியம் பழகத் தொடங்கியிருந்தார்கள். சுகாதார அலுவலகத்து டாக்டர் தம்பிராஜாவுக்கு மட்டும் ஓய்வில்லை. கிருமி உடம்புக்குள் வந்து போயும் ஒரு தும்மல்கூடப் போடாமல் நடமாடியவர்கள் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரிந்தாகவேண்டும். காய்ச்சலே வராதவர்களின் ரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடுமாம். ரத்தம் சேகரிக்கும் வேலை, அவரிடம் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் சோலையப்பன் தலையில் விழுந்தது.

அவனுக்கு அதில் வருத்தமில்லை. வேலை ஒழுங்காக முடிந்தால் உத்தியோகம் நிரந்தரம். நிரந்தரமானால் நாச்சியம்மை ஆச்சி வீட்டில் பெண் கேட்கலாம். "நிரந்தரமில்லாத மாப்பிள்ளைக்கு எம் பொண்ணு இல்ல" என்று ஆச்சி பொதுவாக, ஆனால் அவனைப் பார்த்தபடியே, ஒரு தரம் சொல்லியிருந்தாள்.

அந்தப் பெண் சிவகாமிக்கு வந்ததுதான் அந்தத் தெருவிலேயே நீளமான காய்ச்சல். மற்றவர்கள் எழுந்து வேலைக்குப் போன பிறகும் அவள் படுத்தே இருந்தாள். சோலையப்பன் தினமும் போவான். தெர்மாமீட்டரைக் கையில் கொடுப்பான். வயசுப்பெண் வாயில் வைத்துக்கொண்டிருப்பதை வாலிபன் பார்த்துக்கொண்டு நிற்பது மரியாதையில்லை என்று, திரும்பி நின்று சுவரில் தொங்கும் முருகன் காலண்டரைப் பார்ப்பான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ் கோப்பி இருக்கும். அந்த வீட்டில் கோப்பி கலக்குவது அப்பா மருதப்பனின் வேலை. அதைத் தவிர வேறெதையும் ஆச்சி அவரை நம்பி விட்டதில்லை. கலக்கி வைத்துவிட்டு அவர் பேப்பருக்குள் போய்விடுவார்.

"இன்னைக்குக் கொறஞ்சிருந்தா, நாளையிலேர்ந்து வரமாட்டேங்க" என்று ஒருநாள் சொன்னான். அன்றைக்கு நூற்று மூன்று காட்டியது. பாவம், அவனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இப்போது, காய்ச்சல் வராதவர்களை வரவழைக்க ஒரு யோசனை செய்தான். ரத்தம் கொடுப்பவர்களுக்கு ஆளுக்கொரு பால் டின் என்று அறிவித்தான். மறுநாள் தெருவே வந்து நின்றது. பீவி முன்வரிசையில் இருந்தாள்.

"வந்துச்சுன்னு சொன்னீங்களே?"

"அது கண்ணு படாம இருக்கச் சொன்னது தம்பி. பால் டின் பெருசா, சிறுசா?"

பின்னால் நின்றவர்களில் சிலர் இருமலை அடக்கிக் கண்ணீர் விட்டார்கள். அவர்களைக் கழித்து மிச்சப்பேரை உட்கார வைத்தால், ஊசியைக் கண்டதும் எழுந்து ஓடினார்கள். "இங்க பாருங்க, எனக்கும்தான் காய்ச்சல் வரல!" என்று சோலையப்பன் தன் கையிலிருந்தே முதலில் ரத்தம் எடுத்துக் காட்டினான். அதைப் பார்த்துத்தான் கூட்டம் அடங்கியது.

ஒப்பிட்டுப் பார்க்க, நன்றாகக் காய்ச்சல் கண்ட ஒருவரின் ரத்தமும் வேண்டும் என்றிருந்தார் டாக்டர். சோலையப்பனுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"எனக்கு வேணாங்க. வேற யாருகிட்டயாச்சும் எடுங்களேன்" என்று சிவகாமி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"உங்க அளவுக்குக் காய்ச்சல்ல கஷ்டப்பட்டவங்க யாருங்க?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினாள். ஊசிப் பயம் என்று நினைத்து, வலிக்காமல் எடுத்தான்.

முடிவு வந்த அன்று டாக்டர் கூப்பிட்டனுப்பினார்.

"ஐசே, என்ன வேலை செய்து வச்சிருக்கிறீர்? காய்ச்சலே வராத உம்மட ரத்தத்தில கிருமி வந்து போன அடையாளம் இருக்கு!"

"அதத்தானே தேடுறோம் டாக்டர்?"

"கொஞ்சம் பொறும். நூற்று மூன்றில கிடந்த பிள்ளையிட ரத்தத்தில ஒண்டுமே இல்லை. போத்தலை மாத்திப்போட்டீர்! ஒண்டு மாறினா எல்லாம் மாறியிருக்கும். என்ர கணக்கை எவன் நம்புவான்? போய் அந்தப் பிள்ளையிட்ட திரும்ப எடும். இல்லையெண்டால் நிரந்தரத்தை மறந்துபோம்."

சோலையப்பன் தன் கையாலேயே சீட்டு ஒட்டியவன். இருந்தாலும் டாக்டர் சொன்ன பிறகு தன் கையையே அவனுக்கு நம்ப முடியவில்லை. ஊசிப் பெட்டியோடு ஆச்சி வீட்டில் போய் நின்று, போத்தல் மாறிய விஷயத்தைச் சொன்னான்.

"மறுபடியுமா?" ஆச்சியின் குரல் தெரு முனைவரை போனது. "போத்தலை மாத்துற ஆளு நாளைக்குத் தாலியையே மாத்திக் கட்டுவாரு! இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராதீங்க தம்பி. பொண்ணு கேக்குற நெனப்பு இருந்தா அதையும் இன்னையோட விட்டுடுங்க!"

உத்தியோகமும் போய், சிவகாமியும் போய், மெர்டேக்கா தனக்கு மட்டும் வரவில்லை என்று சோலையப்பனுக்குத் தோன்றியது. பெட்டியை மூடினான். உள்ளே சிவகாமி விசும்பி அழும் சத்தம் கேட்டது.

இத்தனை நாளும் வாய் திறக்காத மருதப்பன், அப்போதுதான் பேப்பரை மடித்து வைத்தார்.

"போத்தல் ஒண்ணும் மாறல தம்பி. அவ தெர்மாமீட்டரை முக்கும்போது சூடு கூடிப்போயி வெடிச்சிடப்போகுதேன்னு, தெனமும் அவளுக்குக் கோப்பிய பதமா ஆத்திக் குடுத்ததே நான்தான்."