தொண்ணூற்றேழாவது வாரம் ஒன்றும் நடக்கவில்லை

சிதம்பரம்,
5.7.2012, வியாழக்கிழமை.

கடலூர் புதுப்பாளையம் மச்சான் தில்லைநாதன் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் ராஜமாணிக்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் ஒரே ஒரு ஆள் சுகம். இந்த வீட்டின் இன்னொரு ஆள் திங்கட்கிழமை முதல் அவ்விடம் இருப்பதால் அந்தச் சுகத்தைத் தாங்கள்தான் எழுத வேண்டும். கண் ஆபரேஷனுக்குப் பிறகு தங்களுக்குப் பார்வை தெளிவாக இருக்கிறதா? இருந்தால் இந்தக் கடிதத்தைத் தாங்களே படிக்கவும். தங்கச்சி புஷ்பவள்ளியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டம்மா ஒரு வரி படித்தால் அடுத்த நிமிஷம் அது அடுப்படிக்குப் போய்விடும், அங்கே உங்கள் தங்கை ஞானம் இருப்பாள். போனில் பேசினால் என்ன என்று கேட்பீர்கள். மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் ஞானாம்பாளேதான் எடுத்து "ஹலோ" என்றாள். என்ன சொல்வதென்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

கண் ஆபரேஷன் ஆன அண்ணனைப் பார்க்க வந்தேன் என்று அவள் தங்களிடம் சொல்லியிருப்பாள். பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முப்பத்திரண்டு வருஷம் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது முழு வாக்குமூலம் ஆகாது. உங்கள் தங்கை என்னிடம் கோபித்துக்கொண்டு வந்திருக்கிறாள். காரணம் ஒரு டிவி நாடகம். தயவு செய்து சிரிக்காமல் மேலே படிக்கவும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு 'கறுப்புக் குடை' என்று ஒரு துப்பறியும் தொடர் போடுகிறார்கள். ரைஸ்மில் முதலாளி ஒருவரை யாரோ கொன்றுவிட்டார்கள். கொன்றது யார் என்று ஒரு இன்ஸ்பெக்டர் இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறார். நூறாவது வாரத்தோடு முடிக்கப் போகிறார்களாம். நம் வீட்டில் அந்த அரை மணி நேரம் திருவிழாதான். பின் தெருவுக்கு அந்த நேரம் கரண்ட் கட் என்பதால் நான் ரிட்டயர் ஆன வருஷமே தாலுக்கா ஆபீஸில் ரிட்டயர் ஆன சபாபதியும், மொபைல் கடை வைத்திருக்கும் கதிர்வேலும் இங்கே வந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு லோகநாயகிக்குக் கரண்ட் உண்டு, ஆனால் ரிமோட் பிள்ளைகள் கையில். அவளும் வந்துவிடுவாள்.

உங்கள் தங்கைக்கு ஒரு பழக்கம், மச்சான். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் டிவியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்புவாள். "ஏங்க, தம்பிக்காரனா இருக்குமா?" "ஏங்க, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்ட மாத்தி எழுத முடியுமா?" "ஏங்க, பொண்டாட்டி வந்து சாட்சி சொன்னா செல்லுமா?" நானும் செக்‌ஷன் நம்பரோடு பதில் சொல்வேன். நாடகம் முடிந்தும் விடமாட்டாள். சாப்பாடு போடும்போது கேட்பாள், செவ்வாய்க்கிழமை கீரை ஆயும்போது கேட்பாள். பெரிய தொல்லை. இத்தனைக்கும் கொன்றது யார் என்று எனக்கே இன்றுவரை பிடிபடவில்லை. தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். கோர்ட்டு மானம் போகக்கூடாது என்று எதையாவது சொல்லிச் சமாளித்து வந்தேன்.

இப்படி இருக்கையில் போன ஞாயிறு, ஆனித் திருமஞ்சனக் கூட்டமெல்லாம் ஊரைவிட்டுப் போய் வீதி காலியாகி நிம்மதியாக உட்கார்ந்தால், தொண்ணூற்றேழாவது வாரம் வந்தது. இன்ஸ்பெக்டர் செத்தவர் வீட்டுக்குப் போகிறார். அவர் சம்சாரம் கதவைத் திறக்கிறாள். இவர் உட்காருகிறார். அவளும் உட்காருகிறாள். ஃபேன் சுற்றுகிறது. அவள் எழுந்து போய்க் காப்பி கொண்டுவருகிறாள். இவர் அதை ஆற்றி ஆற்றி ஒரு வாய், இரண்டு வாய் என்று கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்கிறார், அதையும் காட்டுகிறார்கள். விளம்பரம் வந்தது, அதில்தான் கொஞ்சம் விறுவிறுப்பு இருந்தது. திரும்பி வந்தால் அந்தம்மா செத்துப்போனவரின் வேட்டியை எடுத்து மடிக்கிறாள். பிரித்து மறுபடியும் மடிக்கிறாள். மறுபடியும் ஃபேன். இன்ஸ்பெக்டர் எழுந்து போகிறார். முடிந்தது. ஒரு துப்பு இல்லை, ஒரு சாட்சி இல்லை, பேச்சென்று ஒரு வார்த்தை இல்லை. இன்னும் மூன்றே வாரம் பாக்கி இருக்கிற கேஸில் அரை மணி நேரத்தை இப்படியா கரைப்பது?

கதிர்வேல்தான் ஆரம்பித்தான். "என்னா சார் இது, கதை எழுதறவரு லீவுல போயிட்டாரா?" என்றான். சபாபதி, "ஃபேன் சத்தமே இல்லாம ஓடுது பாத்தியா, எந்தக் கம்பெனின்னு தெரியலியே" என்றார். நான் ஞானத்தைப் பார்த்தேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு வருஷத்துல இதாங்க நல்ல வாரம். இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தாலும் பாத்திருப்பேன்" என்றாள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை.

"இதுல என்னாத்த கண்ட நீ? ஒரு துப்பு கெடச்சுதா?"

"அந்தம்மா வேட்டிய மடிச்சாங்களே, அதப் பாக்கலியா நீங்க?"

"வேட்டி மடிச்சா கொலகாரன் கெடச்சிடுவானா?"

"கெடைக்கலன்னா என்னா இப்ப? எதுக்கு அவசரம்?"

"சீக்கிரம் முடிச்சித் தொலைச்சா ஞாயித்துக்கெழமையாவது மனுஷன் நிம்மதியா இருக்கலாம்ல!"

இதுதான் நான் சொன்னது. ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ இல்லை. சபாபதி செருப்பைத் தேடினார். மறுநாள் காலை ஞானம் இட்லி ஊற்றி மூடி வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு, "அண்ணனப் பாத்து நாளாச்சி. போயிட்டு வரேன். நீங்க நிம்மதியா இருங்க" என்று சொல்லிவிட்டு வண்டிகேட் ஸ்டாப்பில் கடலூர் பஸ் ஏறிவிட்டாள்.

நிம்மதியைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். திங்கள் மத்தியானம் சாதம் வைக்கப் போய் அது கஞ்சியாகி, சரி கஞ்சியும் உடம்புக்கு நல்லதுதான் என்று ஊறுகாய் ஜாடியைத் தேடினால் அது எந்த அலமாரியில் இருக்கிறதென்று முப்பத்தைந்து வருஷம் அதே வீட்டில் சாப்பிட்டவனுக்குத் தெரியவில்லை, கடைசியில் கிடைத்த ஜாடியைத் திறந்தால் அது புளி, அதற்குள் மோட்டார் போட்டதை மறந்து டேங்க் வழிந்து லோகநாயகி காயப்போட்டிருந்த வடகம் அத்தனையும் தண்ணீரில் மிதக்க, அவள் என்னைப் பார்த்த பார்வையில் நானே போய் வடகத்தைப் பொறுக்கி வேறு துணியில் வைத்தேன், வைத்த பத்தாவது நிமிஷம் காக்காய் வந்தது. செவ்வாய் ரசம் வைத்தேன், சீரகம் என்று நினைத்துச் சோம்பைப் போட்டதில் வீடு முழுக்கப் பிரியாணி வாசம் வந்து சபாபதி தட்டோடு வந்துவிட்டார். ஒரு வாய் வைத்துவிட்டு, "மாணிக்கம், கோவம் மனுஷனுக்கு ஜாஸ்தி ஆவக்கூடாதுப்பா, போயி கூட்டிக்கிட்டு வந்துடு" என்றார்.

கூட்டிக்கொண்டு வருவதற்கு முன்னால் நியாயம் யார் பக்கம் என்று தெரிய வேண்டாமா? பெண்ணைக் கொடுத்த வீட்டில் மூத்தவர் தாங்கள், இந்த விவகாரத்தில் நீதிபதி ஸ்தானம் தங்களுக்குத்தான். நீதிபதி முன்னால் வெறுங்கையோடு வந்து நிற்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆகவே புதன்கிழமை பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு, அன்றைக்கு நாடகம் பார்த்த அத்தனை பேரிடமும் முறைப்படி வாக்குமூலம் வாங்கக் கிளம்பினேன். 'தொண்ணூற்றேழாவது வாரம் ஏதாவது நடந்ததா, நடக்கவில்லையா' என்பது ஒன்றே கேள்வி.

முதல் சாட்சி கதிர்வேல். மொபைல் கடையில் யாருடைய போனையோ பிரித்துப் போட்டுக்கொண்டே, "ஒன்னும் நடக்கல சார்" என்றான். சபாஷ் என்று எழுதிக்கொண்டேன். குறுக்கு விசாரணையில், அன்றைக்கு முக்கால்வாசி நேரம் குனிந்து யாருக்கோ மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்ததை ஒப்புக்கொண்டான். யாருக்கு என்ற கேள்விக்கு, "சார், அத மட்டும் எழுதிடாதீங்க" என்றான். இரண்டாம் சாட்சி சபாபதி. வேட்டி என்றதும், "எந்த வேட்டி?" என்று கேட்டார். அந்த நேரம் தூங்கியிருக்கிறார். சரி, ஃபேன் மட்டும் பார்த்தேன் என்றாவது கையெழுத்துப் போடுங்கள் என்றால், "உயிர வேணா கேளு, கையெழுத்து கேக்காத. என் சகலைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுட்டு பதினோரு வருஷம் உன் கோர்ட்டு வாசல்ல நின்னவன் நானு. நீதான என் பேரக் கூப்புடுவ, ஞாபகம் இல்ல?" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என் தரப்புச் சாட்சி இரண்டும் இப்படி ஆகிவிட்டது.

இதுவரை எழுதி வைத்துவிட்டு, மூன்றாம் சாட்சி லோகநாயகியைப் பார்த்துவிட்டு இப்போதுதான் வருகிறேன். வடகத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கேள்வியை ஆரம்பித்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

"எனக்கும் அன்னிக்கி ஒன்னும் நடந்த மாதிரி தெரியல மாமா. ஊருக்குப் போறதுக்கு மின்னாடி சொல்லிட்டுப் போவ வந்தாங்க அக்கா. 'ஏங்க்கா, அதுல என்னா இருக்குன்னு அழுதீங்க'ன்னு கேட்டேன். 'ஒன்னும் நடக்காமயே போவட்டுண்டி. கொன்னவன் கெடச்சிட்டா நாடகம் முடிஞ்சிடும். அப்புறம் அவரு எங்கிட்ட பேசறதுக்கு என்னா இருக்கு? கல்யாணம் ஆனதுலேந்து இந்த ரெண்டு வருஷந்தான் நாங்க பேசிக்கிட்டது'ன்னாங்க."

சாட்சி சொன்னதைச் சாட்சிக்கே வாசித்துக் காட்டி, சரி என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். அது முறை. வாசிக்க ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் முடியவில்லை, மச்சான். லோகநாயகி பேப்பரை என் கையிலிருந்து வாங்கி, படிக்காமலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

ஞானம் சொன்னது உண்மைதான். நாள் முழுக்கக் கோர்ட்டில் ஊரார் பேச்சைக் கேட்டு எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தால் எனக்கு வாய் திறக்க மனசு வராது. 'பால் வந்துச்சா', 'சோறு போடு', 'கதவ சாத்து', இவ்வளவுதான் முப்பது வருஷத்துக்கு மேலாக நான் அவளிடம் பேசியது. பெண் சத்யப்பிரியா வீட்டில் இருந்தவரைக்கும் ஞானம் அவளோடு பேசிக்கொண்டிருந்தாள். அவளும் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். அப்படிப்பட்டவளிடம்தான் நான் நிம்மதி வேண்டும் என்று கத்தியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆகையால் நான் தொடுத்த வழக்கை நானே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தாங்கள் தயவு கூர்ந்து ஞானத்தை வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குள் இங்கே வந்து சேரும்படி பஸ் ஏற்றி அனுப்பி வைக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன். நான் பேசியது தப்பு என்று ஒத்துக்கொண்டேன் என்று சொல்லவும். ஊறுகாய் ஜாடி எங்கே என்று கேட்டதாகச் சொல்ல வேண்டாம், அதற்காகத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்வாள்.

தங்கள் கண்ணுக்குச் சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடவும். தங்கச்சி புஷ்பவள்ளிக்கு என் அன்பும், வீட்டில் சின்னவர்களுக்கு ஆசீர்வாதமும். நடராஜர் அருளால் எல்லாரும் நன்றாக இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் மரியாதைக்குரிய மாப்பிள்ளையாக இதுவரை இருந்த,
ராஜமாணிக்கம்.

பின்குறிப்பு: கவரை ஒட்டிவிட்டுப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே ஒரு பொய் இருக்கிறது. கொன்றது யார் என்று பிடிபடவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா? நாற்பத்தோராவது வாரமே எனக்குத் தெரியும். கொன்ற ஆள் சாட்சி சொல்லக் கூண்டில் ஏறி நின்ற நிற்பிலேயே தெரிந்துவிட்டது. பொய் சொல்கிறவன் கை எங்கே போகும் என்று முப்பத்திரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத் தெரியாதா? அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டால் அப்புறம் என் பக்கம் திரும்ப மாட்டாளே என்று பயந்து, தம்பிக்காரன் மேலும் கணக்குப்பிள்ளை மேலும் மாறி மாறிச் சந்தேகப்பட்டுக்கொண்டு ஐம்பத்தாறு வாரம் ஓட்டினேன். போன ஞாயிறு அந்த அரை மணி நேரமும் அவள் ஒரு தரம்கூடத் திரும்பவில்லை, மச்சான். எனக்குக் கோபம் வந்தது அதற்குத்தான். நாடகம் மெதுவாகப் போனதற்கு இல்லை.

ஆகவே அவளை அனுப்ப வேண்டாம். ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் நானே வருகிறேன், உங்கள் வீட்டிலேயே சேர்ந்து பார்க்கிறோம். அந்த நேரம் உங்கள் தெருவில் கரண்ட் இல்லையென்றாலும் பரவாயில்லை, பேசிக்கொண்டிருப்போம். கொன்றது யார் என்று மட்டும் தாங்கள் என்னிடம் கேட்கக்கூடாது. ஞானம் கேட்கட்டும். கேட்டாலும் உடனே சொல்ல மாட்டேன்.