அரை ஏக்கர் பென்சிங்

உலக வாள்வீச்சின் வரலாற்றை இனிமேல் சி.மு., சி.பி. என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. சின்னசாமிக்கு முன், சின்னசாமிக்குப் பின். சின்னசாமி என்பது அடியேன்தான். திருவண்ணாமலை மரபுசாரா விளையாட்டு மேம்பாட்டு மையத்தின் கண்காணிப்பாளர். வாளை நான் கையால் தொட்டதில்லை. வாள் சம்பந்தப்பட்ட கோப்பைத் தொட்டிருக்கிறேன். நிர்வாகத்தில் இரண்டும் ஒன்றுதான்.

எங்கள் மையம் வேங்கிக்காலில் ஒரு வாடகை மாடியில் இருந்துகொண்டு பதினாறு வருஷமாக விளையாட்டை மேம்படுத்தி வருகிறது. இத்தனை வருஷத்தில் ஒரு வீரருக்குக்கூடச் சின்னக் காயம் பட்டதில்லை. யாரையும் விளையாட விடாததால் கிடைத்த பெருமை இது. அதைக் கெடுக்க வந்தவள்தான் கவிநிலா.

தேரடி வீதியில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற பெண். வயது இருபத்தெட்டு. செங்கம் பக்கத்தில் விவசாயக் குடும்பம். எங்கள் இயக்குநர் ஆதிமூலத்துக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தவளே அவள்தான். அப்படியும் அவளுடைய மனு மூன்று வருஷமாக அவர் கண்ணில் படவில்லை என்றால் குறை கண்ணாடியில் இல்லை.

கண்ணாடிக் கடைக்காரிக்கும் வாளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்து மௌனவிரதம் இருக்க வந்த ஒரு ஹங்கேரிக்காரர், பதினோராம் நாள் பொறுமை இழந்து விடுதியின் மொட்டை மாடியில் வாளைச் சுழற்ற ஆரம்பித்துவிட்டார். உடைந்த மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்ய வந்த இடத்தில், அடக்கி வைத்திருந்த பேச்சையெல்லாம் இவளிடம்தான் கொட்டியிருக்கிறார். நாலு வருஷம் வந்து போய்க் கற்றுக்கொடுத்தார். கடைசியாகப் போகும்போது இரண்டு வாள், ஒரு முகக்கவசம், டேப் சுற்றின பழைய ஒயர் ஒன்று, எல்லாவற்றையும் இவளிடம் விட்டுவிட்டுப் போனார். அதை வைத்துக்கொண்டு அதே மாடியில் பதினோரு பெண்பிள்ளைகளுக்கு இவள் சொல்லிக்கொடுத்து வந்தாள்.

விடுதிக்காரர் மூன்று வருஷமாகவே காலி செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அந்த மாடியில் 'தியானக் குடில்' கட்டப் போகிறார். தை பிறந்தால் பிள்ளைகளுக்கு இடம் கிடையாது. எங்கள் மையத்துக்கு வேங்கிக்காலில் அரை ஏக்கர் சும்மா கிடக்கிறது. அதில் பயிற்சி எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டுத்தான் கவிநிலா நடையாய் நடந்தாள்.

இதற்கிடையில் போலந்தில் நடக்கும் சர்வதேச அமெச்சூர் வாள்வீச்சுப் போட்டியில் அவளுக்கு இடம் கிடைத்தது. புதிதாக ஒரு மனு கொடுத்தாள். மையத்தின் அனுமதிக் கடிதம், 'பென்சிங் ஒயர்' இரண்டு, பென்சிங் தெரிந்த ஒருவர் துணைக்கு. இவ்வளவுதான் கேட்டிருந்தாள்.

நம் ஊரில் பென்சிங் என்றால் என்ன என்பது அரை மனை வாங்கினவனுக்கும் தெரியும். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, அடுத்தவன் கால் வைக்காமல் பார்த்துக்கொள்வது. குழு கூடியது. பஜ்ஜி வந்தது. பென்சிங் தெரிந்தவர் என்றால் மாவட்டத்தில் பாதி மனைகளுக்கு வேலி போட்ட புகழேந்தியைத் தவிர யார் இருக்கிறார்கள் என்று இயக்குநர் கேட்டார். புகழேந்தி இயக்குநருக்கு மச்சான் என்பதைக் கூட்டத்தில் யாரும் எழுப்பவில்லை. 'தொழில்நுட்ப நிபுணர்' புகழேந்தி, 'குழுத் தலைவர்' நான் என்று முடிவாயிற்று. ஒயருக்கு டெண்டர் விட்டு முள்கம்பி வாங்கினோம். முதல் தரம், இரண்டு ரோல்.

ரோலைப் பார்த்ததும் கவிநிலாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"சார், இது வேலி இல்லீங்க. வாள் சண்டை. அதுக்கும் இங்கிலீஷ்ல பென்சிங்னுதான் பேரு. நான் கேட்டது வாள்லேர்ந்து மெஷினுக்குப் போற ஒயர். வாள் நுனி மொட்டையாத்தான் இருக்கும். எதிராளி மேல பட்டா அந்த ஒயர் வழியாத்தான் விளக்கு எரியும். ஒயர் இல்லன்னா எத்தினி குத்து குத்தினாலும் கணக்குல வராது."

"புரியுதும்மா," என்றார் இயக்குநர். "நீ குத்தணும்னுதான் முள்ளு வெச்சதா பார்த்து வாங்கியிருக்கோம்."

அவள் அதற்கு மேல் ஒயரைப் பற்றிப் பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்: கடைசிப் பதினாறு பேரில் ஒருத்தியாக வந்தால் அந்த அரை ஏக்கரைப் பென்சிங்குக்குத் தருவீர்களா? இயக்குநர் சன்னல் வழியாக மலையைப் பார்த்து, அண்ணாமலையார்மேல் ஆணையாகத் தருகிறேன் என்றார். தீர்மானத்தை நானே எழுதினேன். "கடைசிப் பதினாறில் இடம்பெறும் பட்சத்தில் மேற்படி இடத்தில் பென்சிங் அமைத்துத் தரப்படும்." அவள் படித்துப் பார்த்தாள். கண் பரிசோதிக்கிறவளுக்கே அதில் எதுவும் தப்பாகத் தெரியவில்லை.

போலந்து குளிரான நாடு. விமானத்தில் எடை ஜாஸ்தி என்று சொல்லிவிட்டதால் முள்கம்பி ரோல்களை ஊரில் வைத்துவிட்டு, ஒரு முழம் மட்டும் 'மாதிரி'க்காகப் பெட்டியில் கொண்டுபோயிருந்தோம். முதல் நாள் கருவிகளைப் பரிசோதித்தார்கள். ஆளுக்கு இரண்டு ஒயர் கட்டாயமாம். கவிநிலாவின் டேப் சுற்றின ஒயரை மெஷினில் மாட்டினார்கள். விளக்கு எரியவில்லை. ஒதுக்கிவிட்டார்கள். உடனே புகழேந்தி முன்வந்து ஒரு முழம் முள்கம்பியை மேசைமேல் வைத்து, துருப் பிடிக்காது, இருபது வருஷத்துக்கு நான் கியாரண்டி என்று தமிழிலேயே விளக்கினார். பரிசோதகர் அதைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு தண்ணீர் குடித்தார்.

கவிநிலா சுவரோரமாகப் போய் உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது வருஷப் பயிற்சி, பதினோரு பிள்ளைகள், அரை ஏக்கர், எல்லாம் ஒரு ஒயரில் நின்றுபோனது. அப்போது பக்கத்தில் இருந்த போலந்துக்காரி ஒருத்தி தன் பையிலிருந்து இரண்டு ஒயரை எடுத்து இவள் மடியில் போட்டாள். ஒரு மனுவும் வாங்கிக்கொள்ளவில்லை. நிர்வாகம் தெரியாத நாடு.

அன்று கவிநிலா ஐந்து ஆட்டத்தில் மூன்றை ஜெயித்தாள். மறுநாள் கடைசி முப்பத்திரண்டு பேருக்கான சுற்று. இதில் ஜெயித்தால் பதினாறு. எதிரே வந்து நின்றது அந்தப் போலந்துக்காரியேதான்.

புகழேந்தி அரங்கத்துக்கு வெளியே இருந்தார். அந்த ஊரில் புல்வெளி வேலியே இல்லாமல் நேராக ரோட்டில் போய்ச் சேர்வதைப் பார்த்ததிலிருந்து மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பயிற்சியாளர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் சார். பச்சை எரிஞ்சா நான், சிவப்பு எரிஞ்சா அவங்க. பச்சைக்கு மட்டும் கை தட்டுங்க, போதும்," என்று சொல்லிவிட்டுக் கவிநிலா முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டாள். நாலைந்து முறை சிவப்புக்குத் தட்டிவிட்டேன். பழக்கதோஷம், எங்கள் அலுவலகத்தில் யார் ஜெயித்தாலும் தட்டுவோம்.

பதினாலுக்குப் பதினாலு. இன்னும் ஒரு குத்து. இரண்டு பேரும் பூனை மாதிரி நகர்ந்தார்கள். போலந்துக்காரி பாய்ந்தாள். கவிநிலா தரையோடு தரையாக மடங்கி, கையை மட்டும் நீட்டினாள். பச்சை எரிந்தது. என் இரண்டு கையும் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டன. கார்த்திகை தீபத்துக்கு மலைமேல் ஜோதி தெரிகிற நிமிஷத்தில் போடுகிற அதே கும்பிடு. கண்காணிப்பாளராக இருந்துகொண்டு இதைச் சொல்லக் கூடாது. கொஞ்ச நேரத்தில் இறக்கிவிட்டேன்.

தோற்றவள் முகக்கவசத்தைக் கழற்றிக் கை கொடுத்தாள். அடுத்த சுற்றில் கவிநிலா தோற்றபோது முதலில் கை தட்டினவளும் அவள்தான். கிளம்பும்போது அந்த இரண்டு ஒயரையும் நீயே வைத்துக்கொள் என்றாள். நான் குறுக்கே வந்தேன். வெளிநாட்டவரிடம் அன்பளிப்பு பெறுவது மையத்தின் நடத்தை விதிகளுக்கு விரோதம். ஒயரைச் சுருட்டித் திருப்பிக் கொடுக்க வைத்தேன். போட்டி அமைப்பாளர்கள் எனக்குக் கொடுத்த இரண்டு டப்பா சாக்லேட் அன்பளிப்பில் வராது. அது விருந்தோம்பல்.

ஊருக்கு வந்து சேர்ந்ததும் பாராட்டு விழா நடந்தது. பேனரில் இயக்குநர், புகழேந்தி, நான் என்று மூன்று பெரிய படங்கள். கவிநிலா படத்துக்கு இடம் கம்மியாக இருந்ததால் முகக்கவசம் போட்ட படத்தை வைத்தோம். இயக்குநர் மேடையில் தழுதழுத்தார். அண்ணாமலையார்மேல் செய்த ஆணையை மீற மாட்டேன் என்றார். மீறவும் இல்லை. பத்தே நாளில் அரை ஏக்கரிலும் பென்சிங் முடிந்தது. கல்தூண், ஐந்து வரிசை முள்கம்பி, அதே முதல் தரம். மாதிரிக்கு எடுத்துப் போன ஒரு முழத்தைக்கூட வீணாக்காமல் மூலையில் கட்டிவிட்டார் புகழேந்தி. முகப்பில் பலகை: 'வாள்வீச்சுப் பயிற்சித் திடல். அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்.'

கவிநிலா பதினோரு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, தோளில் வாள் பையோடு வந்து நின்றாள். நான் உள்ளே நின்று அளவு சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வேலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"சார், வழி எங்க?"

தீர்மானத்தை எடுத்துப் படித்துக் காட்டினேன். அதில் பென்சிங் என்றுதான் இருக்கிறது. கேட் என்று இல்லை. கேட்டுக்குத் தனி மனு, தனிக் குழு. அதிகாரிகள் போய்வர மட்டும் ஓர் ஏணி உண்டு.

"பசங்களுக்கு நான் இன்னா சொல்றது?"

கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டதாகச் சொல்லும்படி அறிவுரை கூறினேன். அவள் தோளிலிருந்து பையை இறக்கினாள். பிறகு பையிலிருந்து வாளை உருவினாள். முள்கம்பியில் இரண்டாம் வரிசைக்கும் மூன்றாம் வரிசைக்கும் நடுவில் கை போனதே எனக்குத் தெரியவில்லை. மொட்டை நுனி என் சட்டைப் பைமேல், நெஞ்சுக்கு நேராக வந்து பதிந்தது.

"உறைக்குதா சார்?"

நான் நிதானமாகச் சுற்றுமுற்றும் பார்த்தேன். எங்கும் ஒரு விளக்கும் எரியவில்லை. எப்படி எரியும்? அவள் வாளில் ஒயர் இல்லை. ஒயர் இல்லாத வாள் எத்தனை முறை குத்தினாலும் கணக்கில் வராது. இது அவளே சொன்ன விதி. இதை முன்கூட்டியே யோசித்துத்தான், பதினாறு வருஷமாக, எங்கள் மையம் யாருக்கும் ஒயர் வாங்கிக் கொடுப்பதில்லை.