தர்மபுரத்தில் உளவு ஒழிந்த கதை

உலகமெங்கும் கணினிகள் உளவு மென்பொருளிடம் அகப்பட்டுத் தவித்த 2005ஆம் ஆண்டில், அதை அடியோடு ஒழித்துக்கட்டிய ஒரே ஊர் தர்மபுரம்தான். அந்தப் பெருமை முழுவதும் கணினி நிலையத் தலைவர் அப்புத்துரையையே சேரும். அவருக்குக் கணினியை இயக்கத் தெரியாது என்பது சாதனையின் மதிப்பை இன்னும் கூட்டுகிறது.

எல்லாம் வவுனியாவிலிருந்து வந்த நாஸிம் நடத்திய ‘விழிப்புணர்வுக் கருத்தரங்’கில் தொடங்கியது.

“உங்களுக்குத் தெரியாமலே உள்ள வந்து குந்தியிருக்கும். நீங்க தட்டுறதையெல்லாம் பார்த்து வெளியில அனுப்பும். ஓசியில வாற எதையும் இறக்காதீங்கோ. கடவுச்சொல்லைக் கவனமா வைச்சிருங்கோ. பெட்டிக்குள்ள வந்திட்டாலும் சோதிச்சு அழிச்சிடலாம்.”

சனம் நிமிர்ந்து உட்கார்ந்தது. வேவு என்றால் என்னவென்று வன்னிக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. வீரையா எழும்பினார்.

“தம்பி, அது எந்தப் பக்கத்தால வாறது? ஓமந்தைச் சோதனைச்சாவடியாலயோ?”

“இன்டர்நெற்றால, ஐயா.”

“பாஸ் எடுக்கத் தேவையில்லையோ?”

“இல்லை.”

“அப்ப வரத்தான் செய்யும்.”

நாஸிம் போனதும் நிர்வாக சபை அவசரமாகக் கூடியது. ஜன்னல்களுக்குத் திரை போடப்பட்டது. கணினியின் முன்னால் ஊர்க்கதை கதைப்பது தடைசெய்யப்பட்டது. மிஞ்சியது கடவுச்சொல்.

“கவனமா வைக்கச் சொன்னவன். ஊரிலை கவனமான இடம் எது?” என்று கேட்டார் அப்புத்துரை.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் ஊராரின் காணி உறுதிகளையும் தாலிக்கொடிகளையும் சுமந்து திரிந்து, ஒன்றும் குறையாமல் திருப்பிக் கொடுத்த மனிதர் அவர். ஆகவே கடவுச்சொற்களும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டன.

பேச்சியம்மா மட்டும் தயங்கினாள். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறி, தோட்டம் செய்து பிழைப்பவள். சவூதியில் வீட்டுவேலை செய்யும் மகள் சுதர்சினியோடு பேசவென்றே கணினி பழகியவள். மகளுக்கு மாங்குளத்தில் சம்பந்தம் பேசி முடித்திருந்தது.

“ரகசியம்னு அந்தத் தம்பி சொன்னாருங்களே, ஐயா?”

“ரகசியம்தான் பேச்சியம்மா. அதுதான் என்னட்டைச் சொல்லச் சொல்லுறன்.”

அப்புத்துரை தம் பொறுப்பை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறருடைய அஞ்சலைத் திறக்கும் அளவுக்கு மட்டும் கணினி கற்றுக்கொண்டார். நாள் தவறாமல் ஒவ்வொன்றையும் திறந்து, உளவு எங்கேனும் ஒளிந்திருக்கிறதா என்று கடைசி வரிவரை வாசித்தார். கண் எரிந்தது. ஊருக்காகப் பொறுத்துக்கொண்டார்.

அப்படித்தான் ஒருநாள் சுதர்சினியின் கடிதத்தை வாசித்தார். ‘எசமான் வீட்டுல அடி தாங்க முடியலம்மா. தப்பிச்சு வந்து எம்பஸில இருக்கேன். யாருக்கும் சொல்லாத. ஊருக்கு வந்து நானே அவங்க வீட்டுல சொல்றேன்.’

அப்புத்துரை மனம் கசிந்துபோனார். பாவம், பிள்ளை. ஆனால் மாப்பிள்ளை வீட்டாரும் நம்பிக்கையான சனமல்லவா? மறைத்தால் நாளைக்குத் தம் பெயரல்லவா கெடும்? சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் மாங்குளத்துக்குப் பஸ் பிடித்தார்.

அந்த வாரமே சம்பந்தம் முறிந்தது. வேலை செய்யும் வீட்டை விட்டு ஓடிய பெண் வேண்டாமாம்.

நாஸிம் மறுபடி வந்து கணினியைச் சோதித்தான். “ஒரு உளவு மென்பொருளும் இல்லை. சுத்தமாயிருக்கு” என்று சபையில் அறிவித்தான். கைதட்டல் கூரையைத் தொட்டது. அப்புத்துரை மாலைக்குக் கழுத்தை நீட்டினார்.

பேச்சியம்மா எழுந்தாள்.

“இந்தப் பொட்டிக்குள்ளேருந்து ஒண்ணும் வெளிய போகலீங்களா, தம்பி?”

“ஒண்டும் போகல்லம்மா.”

“அப்ப எம்புள்ள எனக்கு எழுதுனது மாங்குளத்துக்கு எப்புடிங்க போச்சு?”

அப்புத்துரை மாலையைச் சரிசெய்தார்.

“ஊரின்ரை நன்மைக்குத்தான்...”

பேச்சியம்மா அவர் பக்கம் திரும்பவேயில்லை. நாஸிமைத்தான் கேட்டாள்.

“பொட்டிக்குள்ள இருந்தா அழிச்சிடலாம்னு சொன்னீங்க. தலைவர் நாற்காலியில இருந்தா என்னங்க செய்யிறது?”