குளத்தங்கரையில் ஒரு சி.ஐ.டி.

புத்தகத்தில் மூன்றாவது பக்கத்தைப் புரட்டும்போதுதான் தங்கராஜு அந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்தான்.

குளத்துக்கு அக்கரையில், மூங்கில் புதரில் பாதி மறைந்து ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். முறுக்கிவிட்ட மீசை. தோளில் துணிப்பை. கையில் தூண்டில். தூண்டிலில் நரம்பு இல்லை.

அமைதியான குளம் என்பதால் சத்தம் தெளிவாகக் கேட்டது. மொறுக். மொறுக். அந்த ஆள் எதையோ மென்றுகொண்டே இவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கராஜு புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டான். நேற்று நூலகத்துக்குப் பின்னால் சருகு மெத்தையில் உட்கார்ந்திருந்தபோதும் இதே சட்டை ஒரு ரப்பர் மரத்துக்குப் பின்னால் தெரிந்தது. முந்தாநாள் தண்ணீர்த் தொட்டி மேட்டிலும் இதே மீசை. இதே மொறுக்.

சத்தமில்லாமல் படிக்க அந்த மூன்று இடங்களையும் கண்டுபிடிக்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

சிரம்பானுக்கு வெளியே, பழைய ரப்பர்த் தோட்டத்தை வெட்டி எழுப்பிக்கொண்டிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அது. ஒரு பக்கம் ரம்பம். ஒரு பக்கம் சுத்தியல். முள்வேலிக்கு அந்தப்புறம் பட்டாள முகாம். லாரி போனால் பலகைச் சுவரெல்லாம் ஆடும். மலாயாவில் அவசரகாலம் தொடங்கி எட்டு வருஷமாகியும் காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட்டுகள் வெளியே வந்தபாடில்லை. அவர்களைக் கூப்பிட ஒரு விமானம் தினமும் தலைக்கு மேல் வட்டமடித்து, "சரணடைந்துவிடுங்கள்!" என்று நான்கு மொழியில் ஒலிபெருக்கியில் கத்தியது. விடுதியில் பக்கத்துக் கட்டிலில் ஒருவன் ஆர்மோனியம் பழகினான். காட்டுக்காரர்கள் எப்படியோ, தங்கராஜு எப்போதோ சரணடைந்திருப்பான்.

ஆனால் அவன் பாஸ் பண்ணியாக வேண்டும். அவன் வளர்ந்த லிங்கி பக்கத்துத் தோட்டத்தில், வேலையாட்களை மேய்க்கும் சன்னாசி மண்டோர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்: "வாத்தியாரா வந்தா எம் பொண்ணு பஞ்சாலை உனக்கு. பெயிலாகி வந்தா போர்ட்டிக்சன் சைக்கிள் கடைக்காரனுக்கு."

பஞ்சாலையிடம் அவன் இதுவரை பேசியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. "மணி என்னாங்க?" என்று அவள் கேட்டாள். "தெரியல" என்றான். கையில் கடிகாரம் இருந்தது.

தேர்வு திங்கட்கிழமை. கற்பித்தல் விதிகள் பன்னிரண்டும் மனப்பாடமாக வேண்டும். ஐந்துக்கு மேல் அவனுக்கு நிற்கவே இல்லை.

அக்கரையில் மீண்டும் மொறுக் என்றது. தங்கராஜு புத்தகத்தை மூடிக்கொண்டு ஓடினான்.

"சி.ஐ.டி.டா!" என்றான் காதர் மைதீன், தங்கராஜுவின் அறைத்தோழன். எதற்கும் யோசனை சொல்லக்கூடியவன். "தனியா உக்காந்துக்கிட்டு, காட்டப் பாத்துக்கிட்டு, ஒதட்ட அசைச்சா எவன் சும்மா விடுவான்? உள்ள இருக்கிறவனுக்கு சாடை காட்டுறேன்னு நெனச்சிருப்பான்லா."

"நான் பாடம் படிக்கிறேன்டா!"

"அத நீ போலீஸ் லாரியில ஏறினப்புறம் சொல்லு. எங்க ஊருல ஒருத்தர் டிபன் கேரியரோட வேலி தாண்டுனாரு. காட்டு ஆளுங்களுக்குச் சோறுன்னு கொண்டு போயி உள்ள போட்டவங்க இன்னும் விடல."

தங்கராஜு நேரே கேட்டுக்குப் போனான். காவலுக்கு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வீரமுத்து லிங்கி பக்கத்து ஆள்தான்.

"வீரமுத்தண்ணே, ஒரு வெள்ளச் சட்ட ஆளு உள்ள சுத்துறாரே, யாரு?"

வீரமுத்து வானத்தைப் பார்த்தார். துப்பாக்கியைத் துடைத்தார். "எந்த ஆளு? நான் எந்த ஆளையும் பாக்கலியே தம்பி. நீ போயி சட்டைய இஸ்திரி போட்டுப் போட்டுக்க. தலைய நல்லா வாரு."

கான்ஸ்டபிளே வாயைத் திறக்கப் பயப்படுகிறார் என்றால் அது எவ்வளவு பெரிய சி.ஐ.டி.! தங்கராஜு திரும்பிப் பார்க்காமல் அறைக்கு ஓடினான்.

"ஒரே வழிதான்" என்றான் காதர். "தனியா இருந்தாத்தான சந்தேகம்? ஒரு பொண்ணோட உக்காந்து சிரிச்சுப் பேசு. அப்படிப்பட்டவன எவனும் கம்யூனிஸ்ட்டுன்னு சொல்ல மாட்டான்."

வகுப்புத் தோழி மங்கம்மா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். "எனக்கு மலாயா படம் வரைஞ்சு தரணும். ஆறெல்லாம் நீலத்துல. அப்பத்தான் சிரிப்பேன்."

மறுநாள் குளத்தங்கரையில் அவள் சிரித்தாள். சும்மா சிரிக்கவில்லை; வாங்கப்போகும் படத்துக்கு வஞ்சனை இல்லாமல் சிரித்தாள். தினமும் அந்த மூங்கிலில் வந்து உட்காரும் மீன்கொத்தி பறந்துபோய்விட்டது. தவளைகள் குதித்தன. பட்டாள முகாமிலிருந்து ஒரு வெள்ளைக்காரன் எட்டிப் பார்த்தான்.

"நீயும் ஏதாச்சும் பேசேன்" என்றாள் மங்கம்மா, சிரிப்பின் நடுவே பல்லைக் கடித்து.

"என்ன பேசுறது?"

"என்னமோ படிக்கிறியே, அதச் சொல்லு!"

"தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க" என்றான் தங்கராஜு. மங்கம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உருண்டாள்.

அக்கரையில் வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். அன்றைக்கு மொறுக் சத்தம் கேட்கவே இல்லை.

"பாத்தியா, ஏமாந்துட்டான்!" என்று காதர் முதுகில் தட்டினான்.

ஏமாந்தவர் அடுத்த நாள் காலை சாப்பாட்டுக்கூடத்து வாசலிலேயே நின்றார். பிறகு வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே. பிறகு குளியலறைப் பக்கம். முன்பு தூரத்தில் இருந்தவர் இப்போது நெருங்கிவிட்டார். கண்ணில் ஒரு புது வெளிச்சம் வேறு.

"டேய் காதர், வேலை கெட்டுப்போச்சுடா! இன்னும் உத்துப் பாக்குறாரு!"

"அப்பக் கடைசி மருந்துதான்" என்றான் காதர். "கள்ளு. காட்டு ஆளுங்ககிட்ட கட்டுப்பாடு ஜாஸ்தி, குடிக்க விட மாட்டாங்களாம். நீ தள்ளாடிக்கிட்டு நடந்தா, 'சீ, இவனா கம்யூனிஸ்ட்டு'ன்னு போயிருவான். நான் தொட மாட்டேன், நீயே வாங்கிக்க."

"நான் குடிச்சதே இல்லடா."

"யாரு குடிக்கச் சொன்னா? சட்டையில ஊத்திக்க."

பக்கத்துத் தோட்டத்துக் கள்ளுக்கடையில் ஒரு புட்டி வாங்கி, தங்கராஜு கழுத்திலிருந்து இடுப்புவரை நனைத்துக்கொண்டான். பிறகு கல்லூரியிலேயே அழகான இடத்துக்கு, அங்சானா மரங்கள் மஞ்சள் பூவாகக் கொட்டிக்கொண்டிருந்த பாதைக்கு வந்தான். காற்று அடித்தால் தங்கமழை பெய்யும். இப்படி ஒரு இடத்தை இத்தனை நாள் விட்டுவிட்டோமே என்று ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் மறந்து நின்றான். அப்புறம்தான் ஞாபகம் வந்து தள்ளாடினான்.

வெள்ளைச் சட்டைக்காரர் மரத்தின் பின்னாலிருந்து வந்து, அவன் முகத்துக்கு நேரே மூக்கை நீட்டி மோந்து பார்த்தார். தலையை ஆட்டினார்.

அந்த நேரத்தில் ஒரு கூட்டமும் அவனை மோந்து பார்த்தது.

பூத்த மரம் முழுக்கத் தேனீ. பூவைவிடக் கள்ளு இனிப்பு என்று அவற்றுக்குத் தெரிந்துபோயிற்று.

"ஐயோ!" என்று தங்கராஜு குதித்தான். ஒன்று சட்டைக்குள் போனது. கையை வீசினான். ஒன்று உதட்டில் கொட்டியது. தலையைச் சுழற்றிக்கொண்டு, இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு, பாதை முடிவுவரை ஓடினான். அங்கே, தோட்டமாக இருந்த காலத்தில் நட்ட முனியாண்டி கல்லின் முன்னால் போய் விழுந்து, எழுந்து, மறுபடி குதித்தான்.

எல்லாரும் தோட்டத்துப் பிள்ளைகள். முனியாண்டி கல்லின் முன் ஒருவன் குதித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"சாமி வந்துருச்சுடா!"

ரம்பம் நின்றது. ஆர்மோனியம் நின்றது. சமையற்கட்டிலிருந்து யாரோ குங்குமமும் வேப்பிலையும் கொண்டு ஓடி வந்தார்கள். கண் மூடித் திறப்பதற்குள் கல்லூரியே அங்கே கூடிவிட்டது.

"சாமி, திங்கக்கெழம என்ன கேள்வி வரும்? சொல்லு சாமி!"

தேனீ விரட்டப் புகை போட வேண்டும் என்றுதான் தங்கராஜு சொல்ல நினைத்தான். உதடு வீங்கி வாய் குழறியது. பயத்தில் மூளைக்குள் இருந்த ஒரே விஷயம் வெளியே கொட்டியது. "தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு! எளியதிலிருந்து அரியதற்கு! முழுமையிலிருந்து பகுதிக்கு!" என்று ஒவ்வொரு கொட்டுக்கும் ஒரு விதியாக அலறினான்.

"எழுதிக்க, எழுதிக்க!" என்றது கூட்டம்.

"டேய்" என்றான் காதர் வாயைப் பிளந்து, "பன்னெண்டையும் சொல்லிட்டான்டா!"

அப்போது வெள்ளைச் சட்டைக்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தார். காதர் பார்த்தான். நண்பனைப் பிடிக்க வந்துவிட்டார்கள்! யோசிக்கவில்லை. காய்ந்துகொண்டிருந்த பூப்பந்து வலையை உருவி, ஒரே வீச்சில் அவர் தலைமேல் போட்டான்.

அந்த அடிபிடியில்தான் போலீஸ் லாரி வந்து நின்றது. கூட்டம் போட அனுமதி கிடையாதே. சார்ஜன்ட் அர்ச்சுனன் குதித்து இறங்கினார்.

"சார்ஜன்ட்! உங்க சி.ஐ.டி.ய நான் தெரியாம…" என்று காதர் திக்கினான்.

"எங்க ஆளா? இவன நான் பாத்ததே இல்லியே!" சார்ஜன்ட் வலைக்குள் குனிந்தார். "யாருய்யா நீ?"

வெள்ளைச் சட்டைக்காரர் உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

"எந்தத் தோட்டம்?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பையைப் பிடுங்கித் திறந்தார்கள். உள்ளே ஒரு பிஸ்கட் டின். அதில் பாதியளவு முறுக்கு.

"அரிசி மாவு! அனுமதி இல்லாம சாப்பாட்டுச் சாமான்! காட்டுல எவனுக்குக் கொண்டு போற? சொல்லுறியா, விலங்கு மாட்டட்டுமா?"

அவர் தங்கராஜுவை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கைகளை நீட்டினார், மாட்டிக்கொள்ளுங்கள் என்று.

"ஐயோ, வேணாங்க ஐயா!" கேட்டிலிருந்து வீரமுத்து தொப்பி பறக்க ஓடி வந்தார். "அவரு செத்தாலும் சொல்ல மாட்டாரு. மாப்பிள்ள பாக்க வந்தவரு, பையன் முன்னாலயே நான் இன்னாருன்னு எப்படிங்க சொல்லுவாரு? மொறை இருக்குல்ல! நான்தான் உள்ள விட்டேன். இவரு ஆறுமுகம். நம்ம சன்னாசி மண்டோர் மச்சான். பஞ்சாலைக்குத் தாய்மாமன்!"

தங்கராஜு குதிப்பதை நிறுத்தினான். தேனீக்கள்கூட நின்றுவிட்டதாகத் தோன்றியது.

தாய்மாமன். பார்த்தது என்னென்ன? குளத்தங்கரையில் ஒரு பெண். உடம்பெல்லாம் கள்ளு. இப்போது நெற்றியில் குங்குமம், கையில் வேப்பிலை, பூசணிக்காய் மாதிரி உதடு. மனக்கண்ணில் போர்ட்டிக்சன் சைக்கிள் கடைக்காரன் மணி அடித்துக்கொண்டே போனான். பின்னால் பஞ்சாலை உட்கார்ந்திருந்தாள். தங்கராஜு முனியாண்டி கல்லில் சாய்ந்து அப்படியே சரிந்தான்.

சார்ஜன்ட் சிரிப்பை அடக்கிக்கொண்டு வலையை விலக்கினார். ஆறுமுகம் சட்டையை உதறினார். மீசையைச் சரிசெய்தார்.

"அந்தக் கொளத்தங்கரப் பொண்ணு யாரு?" என்றார் முதல் வேலையாக.

"நான்தாங்க" என்றாள் மங்கம்மா. "மலாயா படத்துக்காகச் சிரிச்சேன். இன்னும் வரைஞ்சு தரல."

"ம். கள்ளு வாசம் சட்டையில மட்டும்தான். வாயில இல்ல. அத நானே மோந்து பாத்துட்டேன்."

"மாமா…" என்றான் தங்கராஜு. வீங்கிய உதட்டில் அது வேறு எப்படியோ கேட்டது. "நான்… நான் ரொம்ப அமைதியானவங்க மாமா. சத்தியமா. தனியா உக்காந்து படிச்சுக்கிட்டே…"

"அதத்தான் பாத்தேனே" என்று ஆறுமுகம் டின்னைத் திறந்து அவன் மடியில் வைத்தார். "'அந்த ஊமப் புள்ள அங்கயும் மூலையில குந்திக்கிட்டு இருந்தா எனக்கு வேணாம், அதுக்குன்னு சுட்ட முறுக்க நீயே தின்னுட்டு வந்துரு மாமா'ன்னு பஞ்சாலை சொல்லி அனுப்பிச்சா; மொத மூணு நாள்ல பாதி டின்ன முடிச்சிட்டேன் மாப்ள, மிச்சம் உங்களுக்குத்தான்!"