சர்க்கரையை வென்ற மரபணு

உலக மருத்துவ வரலாற்றை இனிமேல் பெரம்பலூருக்கு முன், பெரம்பலூருக்குப் பின் என்று பிரித்துத்தான் எழுத வேண்டும். ரயில்கூட எட்டிப் பார்க்காத அந்த ஊரில், தனியார் ஆய்வு மையமொன்றில் உட்கார்ந்தபடியே, சர்க்கரை நோயை அண்டவிடாத மரபணுவைப் பேராசிரியர் கலைவாணன் கண்டுபிடித்துவிட்டார். 'இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இனி மாத்திரையே வேண்டாம்' என்று பேப்பரில் படத்தோடு செய்தி வந்தது. அவருக்குப் பின்னால் அரை முகமாகத் தெரிந்தவள் ஆராய்ச்சி மாணவி தேவயானி.

"அரியலூர்ப் பக்கமும் ஒருதரம் செஞ்சு பாத்துடும்மா. வேற எடத்துலயும் இதேதான் வருதான்னு வெளிநாட்டுக்காரன் கேக்குறான்" என்றார் பேராசிரியர், பெருந்தன்மையாக.

தேவயானி அரியலூர் மாவட்டத்திலிருக்கும் தன் சொந்த ஊரான கீழப்பழுவூரில் ரத்தம் எடுத்தாள். அந்த மரபணு இருந்தவர்களுக்கும் சர்க்கரை தாராளமாக இருந்தது. பதறிப்போய், முதல் ஆய்வு நடந்த பெரம்பலூர் மாவட்டத்துப் பூலாம்பாடிக்கு பஸ் ஏறினாள். பெரியசாமி என்பவர் விளக்கினார்.

"எங்க பேத்தி காதுகுத்துலதாம்மா எடுத்தாங்க. அத்தன பேரும் பங்காளிங்க. கெடா வெட்டி படையல் போடுற வரைக்கும் யாரும் வாயில ஒன்னும் வைக்கல. எனக்கு சுகர் உண்டு. சார் பேப்பர்ல சொன்னப்புறம் மாத்திரய வுட்டுட்டேன்."

ஒரே வம்சம், அதனால் ஒரே மரபணு; ஒரே பட்டினி, அதனால் குறைந்த சர்க்கரை. இதைவிடத் தூய்மையான அறிவியல் எங்கே கிடைக்கும்?

"உடனே மாத்திரயப் போடுங்க" என்று அவரிடம் கெஞ்சிவிட்டு, தேவயானி பேராசிரியரிடம் ஓடினாள்.

"பட்டினியெல்லாம் எழுத வேணாம்மா. உன் மெஷின்தான் சரியில்ல. நம்ம முடிவு வர்ற வரைக்கும் செய். வராதத 'விலகல்'னு ஒதுக்கிடு."

"சார், எங்கப்பாவும் மாத்திரய நிறுத்திட்டாரு. கால்ல புண்ணு வேற. தப்புன்னு ஒரு மறுப்பு போடுங்க சார்."

"விருது வாங்கிட்டு வந்து பேசிக்கலாம்."

அன்று மாலையே அப்பா முத்துசாமிக்குப் போன் போட்டு அழுதாள். அவர் சிரித்தார்.

"பேப்பர் படத்துல நீயே பின்னாடி நிக்கிற. எம்மவ நிக்கிற எடத்துல பொய் இருக்குமா?"

அந்தப் படத்தைக் கிழித்துப் போட்டாள். ஆத்திரம் தீரவில்லை.

பேராசிரியர் சென்னையில் பொன்னாடை போர்த்திக்கொண்ட வாரத்தில், முத்துசாமியின் கால் விரலை எடுத்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"வருத்தந்தாம்மா. ஆனா ஒரே ஒரு ஆள வச்சு முடிவுக்கு வரக்கூடாது. வேற எடத்துல செஞ்சாலும் அதேதான் வரணும். அதுக்குப் பேருதான் அறிவியல்."

மறு வாரம், அவள் கெஞ்சியும் மாத்திரையைத் தொடாத பூலாம்பாடி பெரியசாமிக்கும் கால் விரல் போனது.

இனி பேராசிரியரை யாரும் குறை சொல்ல முடியாது. பேப்பரை நம்பி மாத்திரையை நிறுத்தினால் விரல் போகும் என்பதை, இரண்டு மாவட்டத்திலும் பிசகில்லாமல் அவர் செய்து காட்டிவிட்டார்.