பேசும் கல்லுக்கு ஒரு மச்சான்

கல் பேசுகிறதாம். மனிதர் பேசினால் பாதியில் எழுந்து போகிற ஊர், கல் பேசுகிறது என்று கேள்விப்பட்டதும் விடியும் முன்பே குளித்துவிட்டு வந்து வரிசையில் நின்றது. வக்கீல் நின்றார். பல் டாக்டர் தன்னுடைய பல்வலிக்கு வழி கேட்க நின்றார். நிகழ்தகவுப் பாடம் எடுக்கிற கணக்கு வாத்தியார், மகன் பாஸாவானா என்று கேட்க நின்றார். ஊர் சுவரைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. சுவரும் ஊரைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

சுவரில் இருந்தது ஒரு கல் முகம். பிதுங்கிய கண், சுருள் சுருளாகப் பிடரி, ஆவென்று திறந்த வாய். அது சிங்கமா மனிதனா என்பதில் பக்தர்களுக்குள் இரண்டு கட்சி. இரண்டு கட்சியும் ஒருமுறை செருப்பால் அடித்துக்கொண்டதும் உண்டு. முகம் இருந்த மண்டபத்தை எந்தக் காலத்திலோ ஓர் அரசன் கட்டினான். அதற்கும் முந்திய ஏதோ கட்டிடத்தை இடித்து, அந்தக் கற்களை வைத்தே கட்டினான் என்பது தூண்களைப் பார்த்தாலே தெரியும். ஒன்று உருண்டை, ஒன்று பட்டை, ஒன்று தலைகீழ். ஆடும் வௌவாலும் தவிர யாரும் எட்டிப் பார்க்காத மண்டபம். இப்போது செருப்பு விட இடமில்லை.

எல்லாம் கல்லடியாரின் புண்ணியம். முன்பு அந்த மண்டபத்துக்குக் காவலாளியாக இருந்தவர். ஒருநாள் கல் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது என்றார். மறுநாளே காக்கிச் சட்டை போய்ப் பட்டுச் சால்வை வந்தது. கல் கொடுத்த பதவி உயர்வு!

கல்லுக்கு முறைகள் உண்டு. மண்டபத்துக்குள் இருமக்கூடக் கூடாது. செல்போன் வெளியே. குறை உள்ளவர் மட்டும் மூலைக்குப் போய், கல்லின் வாயருகே வாயை வைத்து, குறையைக் கிசுகிசுக்க வேண்டும். உரக்கச் சொன்னால் கல்லுக்குக் கோபம் வந்து ஊமையாகிவிடும். நேர் எதிர் மூலையில் ஒரு கறுப்புத் திரை. அதற்குப் பின்னால் கல்லின் நிழல் தூங்குகிறது, பார்த்தவர் கண் அவிந்துபோகும். கல்லடியாரோ நட்ட நடு மண்டபத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"நான் கேட்டேனா? என் காதுல விழுந்துச்சா? நான் பேசினேனா? என் வாய் அசைஞ்சுச்சா?" என்பார்.

"இல்லீங்க ஐயா" என்று கூட்டம் உருகும்.

உருகாமல் பல்லைக் கடித்தபடி வரிசையில் ஒருத்தி நின்றாள். அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் கல்வெட்டு. அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். மிதித்தவள் நர்ஸாகவோ டீச்சராகவோ ஆகாமல், பழைய கட்டிடங்களைப் பற்றிப் படித்துத் தொலைத்தாள். "வீடு கட்டப் படிக்கிறவங்களைப் பாத்திருக்கேன். இடிஞ்ச வீட்டைப் பத்திப் படிக்கிறவளை நான்தான் பெத்திருக்கேன்" என்று அம்மா சொல்லாத நாளில்லை. இப்போது பழைய கட்டிடங்களை அளந்து வரைபடம் போடும் ஆபீஸில் வேலை.

அன்று அவள் அளக்க வரவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அக்கா தையல்காரி. வலது மார்பில் ஒரு கட்டி. சோதனை செய்து பார்த்த டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "இது கெட்ட கட்டி. இப்பவே எடுத்துட்டா நல்லா வாழலாம். தள்ளிப் போட்டா, அப்புறம் என்னைக் கேக்காதீங்க." வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று நாளும் குறித்தாயிற்று. அதற்குள் அம்மா கல்லிடம் ஓடினாள். கல் வாய் திறந்தது: "உன் மகள் மேல் கத்தி படக்கூடாது. என் தண்ணீரைக் குடிக்கச் சொல்."

கல்லின் தண்ணீர் வாசலில் பாட்டிலில் விற்றது. பாட்டிலில் குடிநீர் கம்பெனியின் பெயரைச் சுரண்டிய தடம்கூடக் காயவில்லை.

அக்காவுக்கும் நம்ப ஆசை. பகலெல்லாம் கத்தரிக்கோல் பிடிக்கிறவள்தான்; தன் உடம்பென்றதும் கத்தி என்ற சொல்லே ஆகவில்லை. "தண்ணியிலேயே சரியாயிடும்னா நல்லதுதானேடி? நானும் ஒரு தடவை கேட்டுடறேன்" என்றாள். கேட்டாள். "கத்தி வேண்டாம்" என்று கல் அவளுக்கும் சொன்னது. திரும்பி வந்தவள் முகத்தில் பரீட்சை தள்ளிப்போன பிள்ளையின் சிரிப்பு.

கல்வெட்டு அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் தலையை நிமிர்த்தினாள். மேலே கூரையைப் பார்த்தாள். பார்த்தவள் பார்த்தபடியே நின்றாள்.

மூலைக்கு மூலை கல் விலா எலும்புபோல் வளைந்து ஏறி, நடு உச்சியில் கூடி, எதிர் மூலைக்கு இறங்கியது. கல் முகம் இருந்த மூலையில் ஏறுகிற வளைவு எங்கே போய் இறங்குகிறது? விரலை நீட்டிக்கொண்டே வந்தாள். விரல் கறுப்புத் திரையில் போய் நின்றது.

படிக்கிற காலத்தில் இதேபோல ஒரு மண்டபத்தில் அவளும் தோழிகளும் விளையாடியிருக்கிறார்கள். ஒருத்தி ஒரு மூலையில் சுவரைப் பார்த்துக் கிசுகிசுத்தால், சத்தம் வளைவைப் பிடித்துக்கொண்டு ஏறி எதிர் மூலையில் இறங்கும். அங்கே நிற்பவளுக்குக் காதுக்குள் சொன்னதுபோல் கேட்கும். நடுவில் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது. அடடா! அதை வளைத்த கொத்தனாருக்கல்லவா கையெடுத்துக் கும்பிட வேண்டும்? கல்லைப் பேச வைத்தவன் அவன். அவன் பெயர் ஒருவருக்கும் தெரியாது. சால்வை மட்டும் கல்லடியாருக்கு.

வீட்டுக்கு வந்து, அக்கா உள்ளே தைக்க உட்கார்ந்ததும், அம்மாவிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள்.

"திரைக்குப் பின்னாடி ஒரு ஆள் இருக்கான்மா. நீங்க சொல்றது அவனுக்குக் கேக்குது. அவன் சொல்றது உங்களுக்குக் கேக்குது. அவ்வளவுதான் தெய்வீகம்."

"வாயைக் கழுவு! வலது பக்கம் கட்டின்னு புட்டுப் புட்டு வெச்சுச்சே, எப்படி?"

"வலது பக்கம்னு நீ அதுகிட்டச் சொன்னியா இல்லையா?"

"கல்லுகிட்டத்தான்டி சொன்னேன்! அந்த ஆளுகிட்டச் சொல்லவே இல்லையே!"

இதுதான் ஊர் முழுக்கச் செய்த தப்பு. தாங்களே வாயால் சொல்லிவிட்டு, சொன்னதையே திரும்பக் கேட்டதும் புல்லரித்துப்போனார்கள்.

அக்கா கணவர் லாரி மெக்கானிக், கல்வெட்டுக்கு மாமா. அதுவரை நகத்தில் கிரீஸ் நோண்டிக்கொண்டிருந்தவர், கல்வெட்டைத் தனியே கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ சொல்றது நிஜம்னா வேலை சுலபமாச்சே. அந்த ஆளை நான் அமுக்கிப் பிடிச்சுக்கறேன். நீ உக்காந்து 'ஆபரேஷன் பண்ணிக்கோ'ன்னு கல்லு மாதிரி சொல்லிடு. அத்தையும் வாயை மூடிக்குவாங்க, உங்க அக்காவும் கிளம்பிடுவா. ஒரே ஒரு பொய்."

ஆசையாகத்தான் இருந்தது. ஒரே ஒரு பொய், அக்கா பிழைத்துக்கொள்வாள். ஆனாலும் கல்வெட்டு தலையாட்டி மறுத்தாள்.

"ஆபரேஷனோட முடியாது மாமா. அப்புறம் மருந்து ஏத்துவாங்க, முடி கொட்டும், வாந்தி எடுக்கும். அப்ப அம்மா மறுபடி கல்லுகிட்ட ஓடுவாங்க. ஒவ்வொரு தடவையும் நான் போய்த் திரைக்குப் பின்னாடி உக்காரணுமா? கல்லு வாயை மூடணும் மாமா. என் வாயை அது கடன் வாங்கக் கூடாது."

பிறகு நேராக அம்மாவிடம் போனாள். "நாளைக்கு என்கூட வா. திரைக்குப் பின்னாடி யாரும் இல்லேன்னா, ஆபரேஷன் பேச்சை நான் எடுக்கவே மாட்டேன். சத்தியம்."

"கண்ணு அவிஞ்சு போகும்டி!"

"முதல்ல நான் பாக்கறேன். என் கண்ணு போகட்டும். நல்லா இருந்தா அப்புறம் நீ பாரு."

அம்மா யோசித்தாள். மகள் வாயை ஒரேயடியாக அடைக்க இதைவிட நல்ல வழி கிடைக்காது. "சரி வா. உன் திமிரையும் பாத்துடறேன்."

அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை கேட்டுவிட்டு வரலாம் என்று மட்டும் சொல்லி அழைத்துப் போனார்கள். அன்று வியாழக்கிழமை.

அக்காவின் முறை வந்தது. மூலைக்குப் போய்க் கல்லின் முன்னால் குனிந்தாள். கூட்டம் கண்ணை மூடிக்கொண்டது; மூடச் சொல்லித்தான் கல்லடியார் பழக்கியிருந்தார். பழக்கம் நல்லதாய்ப் போயிற்று. கல்வெட்டு, அம்மா, மாமா மூன்று பேரும் தூண்களுக்குப் பின்னால் ஒதுங்கி நடந்து எதிர் மூலைக்கு வந்தார்கள். கல்வெட்டு திரையை விலக்கித் தலையை உள்ளே விட்டாள். வெளியே எடுத்தாள். அம்மாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக் காட்டினாள். இரண்டும் நன்றாகவே இருந்தன.

உள்ளே கல்லின் நிழல் தூங்கவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, சுவர்ப்பக்கம் திரும்பி, பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. கல்லடியாரின் மனைவிக்குத் தம்பி. அதாவது கல்லடியாருக்கு மச்சான். முறைப்படி பார்த்தால் கல்லுக்கும் மச்சான். கத்த வாயெடுத்தவனின் தோளில் மாமாவின் கை விழுந்தது. பூட்டிய நட்டெல்லாம் பயந்து கழலும் கை. பிஸ்கட் பாதியில் நின்றது.

"சத்தம் வரக்கூடாது" என்றார் மாமா, மென்மையாக.

அம்மா ஸ்டூலைப் பார்த்தாள். பிஸ்கட்டைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சுவர் பேசியது.

அக்காவின் குரல். மண்டபத்தின் அந்தக் கோடியில் நிற்கிறவளின் குரல், தோளில் சாய்ந்துகொண்டு சொல்வதுபோல் இங்கே கேட்டது.

"எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. கத்திக்குப் பயமா இருக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன். நிஜத்துல செத்துப் போயிடுவேனோன்னுதான் பயம். ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. அம்மாகிட்டச் சொன்னா அம்மா தாங்க மாட்டாங்க. நான் சாகாம இருக்க வழி சொல்லு. கத்தின்னாலும் சரி."

அம்மா சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். கல்வெட்டு அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.

அம்மா சுவர் மூலையில் முகத்தைப் புதைத்தாள்.

"அடியே, நான் அம்மா பேசறேன்டி. என்கிட்டச் சொல்லாம போயும் போயும் இந்தச் சுவத்துகிட்டவா சொல்லுவ? நான் தாங்குவேன்டி. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். உன் பக்கத்துலயே நான் இருப்பேன். அழாத. மூக்கைத் துடை."

மறு கோடியில் அக்கா அலறினாள். "அம்மா! கல்லுக்குள்ள எங்க அம்மா!"

கூட்டம் கண்ணைத் திறந்தது. கல்வெட்டு திரையைப் பிடித்து ஓர் இழு இழுத்தாள். கம்பியோடு வந்தது. ஊர் பார்த்தது: சுவரில் சாய்ந்து அழும் ஒரு தாய், லாரி மெக்கானிக்கின் பிடியில் ஒரு மச்சான், ஸ்டூல், பிஸ்கட், இருமல் வராமலிருக்கத் தொண்டை மிட்டாய்.

"தீட்டு! தீட்டு! கல்லு இனிமே பேசாது!" என்று கத்தினார் கல்லடியார்.

"பேசும். யார் உக்காந்தாலும் பேசும்" என்றாள் கல்வெட்டு. "கணக்கு சார், நீங்க வாங்க. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. வக்கீல் சார், நீங்க கல்லுகிட்டப் போய் உங்களுக்குத் தோணினதைச் சொல்லுங்க."

வக்கீல் போனார், குனிந்தார், கிசுகிசுத்தார். இந்த மூலையில் வாத்தியார் துள்ளி எழுந்தார். "யோவ், என்னையா முட்டாள்னு சொல்ற? நீயும்தான்யா வரிசையில நின்ன!"

சிரிப்பு மண்டபம் முழுக்கப் பரவியது. இருமக் கூடாத இடத்தில் ஊர் வயிறு குலுங்கச் சிரித்தது. கல்வெட்டு கூரையைக் காட்டி, வளைவைக் காட்டி, சத்தம் போகிற வழியைச் சொன்னாள். பிறகு கல் முகத்தைத் தட்டினாள்.

"இதுக்கும் ஒரு வேலை இருந்துச்சு. ரொம்பப் பழைய கட்டிடங்கள்ல கூரை ஓரமா இந்த மாதிரி முகம் வரிசையா வெப்பாங்க. மழைத் தண்ணி சுவத்துல வழியாம இந்த வாய் வழியா வெளிய விழும். இடிச்ச இடத்துல கிடந்ததைக் கொத்தனார் கொண்டுவந்து இங்க செருகிட்டார். கை விட்டுப் பாருங்க, உள்ளே தண்ணி ஓடின பள்ளம் இருக்கும். நீங்க இத்தனை நாளும் குடும்ப ரகசியத்தை எல்லாம் சொன்னது ஒரு கூரைத் தூம்புகிட்ட."

பல் டாக்டர் கை விட்டுப் பார்த்தார். வாய்க்குள் கை விடுவது அவருக்குப் பழக்கம். "ஆமா, பள்ளம் இருக்கு" என்று சான்று வழங்கினார்.

பாட்டில் வாங்கியவர்கள் வாசலை மறித்தார்கள். கல்லடியார் சால்வையை உருவிப் போட்டுவிட்டுக் காவலாளி வேகத்தில் ஓடப் பார்த்தார். அவர் காலைத் தடுக்கியது பக்தர்கள் விட்ட செருப்புக் குவியலே. போலீஸ் வரும்வரை மச்சானும் மச்சானும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள், உரத்த குரலில். கிசுகிசுக்க அவசியம் இல்லாமல் போயிற்று.

இத்தோடு ஊர் திருந்திவிட்டது என்றால் அது கட்டுக்கதை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவை அணைத்தபடி வாசலுக்கு நடந்தபோது, ஒரு பெரியவர் குறுக்கே வந்து கைகூப்பி நின்றார். அவர் பின்னால் பத்திருபது பேர் அதற்குள் வரிசை கட்டியிருந்தார்கள்.

"அம்மா, உங்க குரல்ல கல்லு பேசுதுன்னு உங்க மக கத்தினதை நாங்க எல்லாரும் கேட்டோம். அது உங்களுக்குள்ள இறங்கிடுச்சு. என் மகன் கடை வெக்கலாமா வேணாமான்னு ஒரு வார்த்தை..."

கல்வெட்டு வாயைத் திறப்பதற்குள் அம்மாவே திறந்தாள்.

"ஐயா, என் மகளுக்கு ஆஸ்பத்திரி இருக்கு, நாங்க கிளம்பறோம். உங்களுக்குக் கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கே, கண்ணும் வாயும் வெச்சு. இத்தனை வருஷமா சும்மா சுமந்துகிட்டுத் திரியறீங்க. ஒரு தடவையாவது அதுகிட்டக் கேட்டுப் பாருங்க."